தவக்காலத்துப் புரதம்

பிரிஸில்லாவுக்கு டீ என்றால் உயிர். அதனால்தான் இந்த வருஷம் தவக்காலத்துக்கு அதை விட்டாள். போன வருஷம் இனிப்பை விட்டிருந்தாள். அது தியாகத்தில் சேர்த்தியே இல்லை, அவளுக்கு இனிப்பு பிடிக்காது. அதற்கு முந்தின வருஷம் ஃபோனில் ரீல்ஸ் பார்ப்பதை விட்டு, மூன்றாம் நாளே கையும் களவுமாகப் பிடிபட்டாள். “ஆண்டவரை ஏமாத்தலாம், என்னை ஏமாத்த முடியாது” என்றாள் அவள் அம்மா ஃப்ளோரன்ஸ், முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை நடுங்கவைத்த அதே குரலில். பிரிஸில்லாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. திருநீற்றுப் புதனன்று சாந்தோம் கோயிலில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வந்த சூட்டோடு, “ஈஸ்டர் வரைக்கும் டீ கிடையாது, போதுமா?” என்றாள்.

அந்த ஒரு வீம்பில் இத்தனை வினை இருக்கும் என்று அன்றைக்கு யார் கண்டார்கள்?

பிரிஸில்லா அடையாறில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் நான்காம் வருஷ பிஎச்.டி. மாணவி. அவள் தலையில் கட்டியிருந்தது ஒரு புரதம். பாவம், அதற்கு ஒரு நல்ல பெயர்கூட இல்லை. ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அது ‘நாற்பத்தொன்று’. செல்லுக்கு நடுவில் உட்கரு என்று ஓர் அறை இருக்கிறதல்லவா, அதற்குள்தான் டி.என்.ஏ. குடியிருக்கிறது. நாற்பத்தொன்று அந்த டி.என்.ஏ.வைப் பிடித்துக்கொண்டு, எந்த மரபணு வேலை செய்யலாம், எது சும்மா கிடக்க வேண்டும் என்று அதிகாரம் பண்ணுகிற புரதம். அது உட்கருவைவிட்டு வெளியே கால் வைப்பதே இல்லை என்று பதினான்கு வருஷத்துக்கு முன்பே கட்டுரை எழுதிப் பெயர் வாங்கியிருந்தார் நீரஜா ராஜகோபாலன். அவர்தான் இப்போது பிரிஸில்லாவின் வழிகாட்டிப் பேராசிரியர்.

நீரஜா மயிலாப்பூர்க்காரர். கூடத்தில் அவர் போட்ட சட்டங்கள் இரண்டு. ஒன்று, சுவரில் ஒட்டியிருக்கும் செய்முறைத் தாள். அவர் கைப்பட எழுதி, லேமினேட் செய்து, பதினான்கு வருஷமாக ஒரு எழுத்து மாறாமல் இருந்தது. இரண்டாவது, நாலு மணி டீ. நாலு அடித்தால் வேலை எப்படிக் கிடந்தாலும் போட்டுவிட்டு, எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி வாசலுக்கு எதிரே இருக்கும் அப்துல் கரீம் பாய் கடைக்குப் போயாக வேண்டும். “தனியா உக்காந்துண்டு மண்டையை உடைச்சுண்டா ஒரு ஐடியாவும் வராது” என்பார். நாலே முக்காலுக்குத்தான் திரும்புவார்கள்.

தவக்காலத்தில் பிரிஸில்லா மட்டும் போகவில்லை. டீக்கடை வாசனையில் நின்றுகொண்டு டீ குடிக்காமல் இருக்க அவள் என்ன புனிதையா? எல்லோரும் கிளம்பியதும் பல்லைக் கடித்துக்கொண்டு கூடத்திலேயே வேலை பார்த்தாள்.

முதல் வாரத்திலேயே அது தெரிந்தது. கண்ணாடிச் சில்லில் வளர்ந்த செல்களை மருந்து விட்டு இருந்த நிலையிலேயே உறையவைத்து, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். நாற்பத்தொன்று பச்சையாக மின்னும், உட்கரு நீலமாகத் தெரியும். வழக்கமாக நீலத்தின் மேலேயே பச்சை அப்பிக்கொண்டிருக்கும். அன்றைக்கு நீலம் தனியாகக் கிடந்தது. பச்சை முழுக்க வெளியே, உட்கருவைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசத்தில் பரவி நின்றது. பிரிஸில்லா கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். வெளியேதான்.

“மேம், ஆள் வீட்டை விட்டு வெளில வந்துட்டார்!” என்று ஓடினாள்.

நீரஜா மசியவில்லை. “செல்லைச் சரியா உறைய வெச்சிருக்க மாட்டே, கசிஞ்சிருக்கும். திரும்பப் பண்ணு” என்றார். திரும்பப் பண்ணினாள். வெளியே. இன்னொரு முறை, வெளியே. பதினோரு முறை செய்தாள், பதினோரு முறையும் பச்சை வெளியேதான் நின்றது. பன்னிரண்டாவதை நீரஜா கேட்கவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, பிரிஸில்லாவின் பிஎச்.டி.யை மேற்பார்வை பார்க்கும் மூன்று பேர் கொண்ட கமிட்டிக்குத் தானே கடிதம் அனுப்பினார்: தன் மாணவி ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டப்போகிறாள், ஈஸ்டருக்குப் பிந்தைய இரண்டாவது வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வரவும். தன் பதினான்கு வருஷக் கட்டுரையைத் தானே பொய்யாக்குகிற கடிதம் அது. எழுத எத்தனை கஷ்டமாக இருந்திருக்கும் என்று பிரிஸில்லாவுக்குத் தெரியும். அவள் தரையில் நடக்கவில்லை, மிதந்தாள்.

ஈஸ்டர் வந்தது. திங்கட்கிழமை நாலு மணிக்கு, நாற்பது நாள் விரதத்தை ஒரு ஸ்ட்ராங் டீயில் முடித்தாள். கமிட்டிக்காக நல்லதாக ஒரு செட் படம் எடுத்துவிடலாம் என்று அந்த வாரமே உட்கார்ந்தாள். நாற்பத்தொன்று உள்ளே இருந்தது.

ஒரு பொட்டுப் பச்சைகூட வெளியே இல்லை. மறுநாளும் உள்ளே. அடுத்த வாரமும் உள்ளே. உறையவைக்கிற மருந்தைப் புதிதாகக் கரைத்தாள், சாயத்தை மாற்றினாள், மைக்ராஸ்கோப்பைத் துடைத்தாள், தலையைப் பிய்த்துக்கொண்டாள். பக்கத்து மேஜை சாய்நாத், மேற்கு மாம்பலத்திலிருந்து ரயிலில் வந்துபோகிற சக மாணவன், அவளோடு கூடவே உட்கார்ந்து ஒவ்வொரு படியையும் சரிபார்த்தான். அவன் கையால் செய்தாலும் உள்ளேதான். வெள்ளிக்கிழமைக்கு இரண்டே நாள் இருந்தது.

புதன்கிழமை நீரஜா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“பிரிஸில்லா, நேரா கேக்கறேன், நேரா பதில் சொல்லு. அந்தப் பதினோரு செட் படத்துல ஏதாவது கை வெச்சியா?”

“மேம்?”

“பச்சையைக் கொஞ்சம் கூட்டி, குறைச்சு... கம்ப்யூட்டர்ல என்ன வேணா பண்ணலாம். ஆசையில பண்ணிட்டேன்னா இப்பவே சொல்லிடு. நான் கத்த மாட்டேன்.”

பிரிஸில்லாவுக்கு அவமானத்தில் காது சுட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள், அந்த மெதுவான குரலைத்தான் தாங்க முடியவில்லை. “இல்ல மேம். எதையும் தொடல” என்றாள்.

“சரி. நம்பணும்னுதான் பாக்கறேன். ஆனா நாளைக்குள்ள இது வரலேன்னா, கமிட்டில நான் எழுந்து இந்த ரிசல்ட்டை வாபஸ் வாங்கிப்பேன். ஏன்னு கேப்பா. காரணம் தெரியலேன்னுதான் சொல்லணும். அதை அவா எப்படி எடுத்துப்பான்னு உனக்கே தெரியும்.”

தெரியாமல் என்ன? படத்தில் கை வைத்தவள் என்ற பேச்சு ஒரு தடவை ஒட்டிக்கொண்டால் ஆயுசுக்கும் போகாது. வேறு புரதம் கிடைக்கும், வேறு ஊரில் வேலைகூடக் கிடைக்கும். போன பெயர் கிடைக்காது.

அன்று சாயங்காலம் வீட்டில் ஒரு வாய் சோறு இறங்கவில்லை. சமையலறைச் சுவரில் பங்குக் கோயில் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. பிரிஸில்லா அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து, பச்சை வெளியே வந்த நாட்களை எல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டாள். கரண்ட் போன நாளா, மழை பெய்த நாளா, எந்த நாள்தான் அது? பதினோரு வட்டம் போட்டு முடித்துவிட்டுத் தூக்கிப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அந்தக் காலண்டரில் தவக்கால நாட்களை ஊதாவில் அச்சடித்திருப்பார்கள். பதினோரு வட்டமும் ஊதாவுக்குள் இருந்தன. முதல் வட்டம் திருநீற்றுப் புதனுக்கு மறுநாள். கடைசி வட்டம் பெரிய வியாழன்.

“அம்மா, இது தவக்காலத்துல மட்டும்தான் வெளில வந்திருக்கு.”

ஃப்ளோரன்ஸ் கையிலிருந்த தோசைத் திருப்பியோடு சிலுவை போட்டுக்கொண்டாள். “மாதாவே! நான் நாளைக்கே ஃபாதர்கிட்ட சொல்றேன்.”

“அம்மா, யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காதே! புரதத்துக்கு எது தவக்காலம்?”

“உனக்கு இருந்துதே” என்றாள் ஃப்ளோரன்ஸ், தோசையைத் திருப்பிக்கொண்டே.

பிரிஸில்லா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படித்த பெண்களிடம் இது ஒரு கோளாறு, அம்மா சொன்னால் காதில் ஏறாது.

மறுநாள் வியாழக்கிழமை. கடைசி முயற்சி. கூடத்து வழக்கப்படி நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, செல்களுக்குச் சாப்பாடான மூன்று நாள் பழைய ஊட்டநீரைக் கிண்ணங்களிலிருந்து கொட்டிவிட்டுப் புதியதை விட்டாள். சுவரில் இருந்த தாள் அப்படித்தான் சொன்னது: ‘ஊட்டநீரை மாற்றவும். செல்களை உறையவைக்கவும்.’ மாற்றியாயிற்று. நாலு அடித்தது. வா, வா என்று சாய்நாத் இழுத்துக்கொண்டு போனான்.

கடையில் அன்று கரீம் பாயே பாய்லர் முன்னால் நின்றார். மகள் பிரசவத்துக்காக வேலூர் போயிருந்தவர் காலையில்தான் திரும்பியிருந்தார்.

“இன்னாமா பிரிஸில்லா! இந்த வருஷம் ஒன் நோன்பும் என் நோன்பும் ஒண்ணாவே ஸ்டார்ட் ஆச்சு. என்து முடிஞ்சி பெருநாளே போயிட்ச்சு, நீ அப்பவும் வரல. நாலு மணிக்கு இவங்கல்லாம் இங்க நின்னுகினு இருக்கசொல்லோ நீ மட்டும் உள்ள இன்னா பண்ணிக்கினு இருந்தே?”

“செல்லை உறைய வெச்சிட்டிருந்தேன் பாய்” என்றாள் பிரிஸில்லா.

சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். டீ கிளாஸ் உதட்டுக்கும் மேஜைக்கும் நடுவில் நின்றது.

தவக்காலத்தில் ஊட்டநீரை மாற்றிய கையோடு உறையவைத்தாள். இப்போது ஊட்டநீரை மாற்றுகிறாள், டீக்கு வருகிறாள், ஐம்பது நிமிஷம் கழித்துப் போய் உறையவைக்கிறாள். சாய்நாத்தும் அப்படித்தான். எல்லோரும் அப்படித்தான், பதினான்கு வருஷமாக! தாளில் இருந்த அந்த இரண்டு வரிக்கு நடுவில் ஒரு டீ இருந்தது. அதை யாரும் எழுதவில்லை, ஏனென்றால் அதை யாரும் வேலையாகவே நினைக்கவில்லை.

மூன்று நாள் பழைய நீரில் செல் பட்டினி கிடக்கிறது. பட்டினியில் நாற்பத்தொன்று வெளியே வந்து நிற்கிறது. புதுச் சாப்பாடு வந்ததும் உள்ளே போய்விடுகிறது. நாம் டீ குடித்துவிட்டு வருவதற்குள் போய்விடுகிறது!

“மேம், டீ!” என்று கத்தினாள்.

“கையில வெச்சிண்டிருக்கியே” என்றார் நீரஜா.

“இல்ல மேம், டீதான் மேம்!” பிரிஸில்லா கிளாஸை மேஜையில் வைத்தாளா எறிந்தாளா தெரியவில்லை, சாய்நாத்தின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்தாள். ஒரு ஆட்டோக்காரர் அவள் வம்சத்தையே விசாரித்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

படியேறும்போதுதான் உறைத்தது. இன்றைய கிண்ணங்களுக்குச் சாப்பாடு போட்டு ஏற்கெனவே இருபது நிமிஷம் ஆகிவிட்டது. பட்டினியாகக் கிடக்கும் செல்கள் வேண்டும்.

“சாய், உன் எட்டுக் கிண்ணம் இருக்குல்ல? மூணு நாளா மாத்தாதது?”

“அது சனிக்கிழமைக்கு, மச்சி. என் மூணு நாள் உழைப்பு.”

“உன்னோட மூணு நாள். என்னோட நாலு வருஷம்டா.”

சாய்நாத் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு போய் இன்குபேட்டரைத் திறந்து எட்டையும் எடுத்து வந்து வைத்தான். “தோத்தா ஒரு மாசம் என் கிண்ணமெல்லாம் நீதான் கழுவணும்” என்றான். ஃபோனில் டைமரைப் போட்டான்.

எட்டிலும் ஒரே நேரத்தில் புது ஊட்டநீர் விட்டார்கள். முதல் கிண்ணத்தை அந்த நிமிஷமே உறையவைத்தாள். அடுத்தது ஐந்து நிமிஷம். பிறகு பத்து, பதினைந்து, இருபது, முப்பது, நாற்பது. “இன்னும் அஞ்சு செகண்ட்... விடு!” என்று சாய்நாத் கத்துவான், அவள் மருந்தை விடுவாள். ஒரு சொட்டுத் தவறக்கூடாதே என்று முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டாள்.

முப்பதாவது நிமிஷத்தில் நீரஜா வாசலில் நின்றுகொண்டிருந்தார். பிரிஸில்லா வேலையை நிறுத்தாமல் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். தவக்காலம், காலண்டர், டீ. நீரஜா சுவரில் இருந்த தாளைப் பார்த்தார். தன் கையெழுத்தை அவ்வளவு நேரம் அவர் பார்த்து யாரும் பார்த்ததில்லை.

“கேக்க நன்னாத்தான் இருக்கு. எனக்கும் ஆசையாத்தான் இருக்கு, அதனாலதான் பயமா இருக்கு” என்றார். “நாளைக்குக் காலம்பற சாயம் ஏத்தி முடி. சாய்நாத் லேபிளை எல்லாம் பிச்சுட்டுக் குலுக்கி, வேற எழுத்துப் போட்டு, எந்த எழுத்து எத்தனை நிமிஷம்னு ஒரு சீட்டுல எழுதி அவன்கிட்ட மட்டும் வெச்சுக்கட்டும். படத்தை நான் பாக்கறேன். நீ மைக்ராஸ்கோப் பக்கமே வரப்படாது.”

“சரி மேம்” என்றாள் பிரிஸில்லா. வலித்தது. ஆனால் தானும் அப்படித்தான் கேட்டிருப்போம் என்று தோன்றியது.

ஐம்பதாவது நிமிஷம் எட்டாவது கிண்ணமும் முடிந்தது.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரைக்கு நீரஜா எட்டுக் கண்ணாடிச் சில்லுகளோடு மைக்ராஸ்கோப் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். பிரிஸில்லா வராந்தாவில் நடந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி நடந்தாள். ஃப்ளோரன்ஸ் ஃபோன் பண்ணி, காலைப் பூசையில் நாற்பத்தொன்றுக்காக வேண்டிக்கொண்டதாகச் சொன்னாள். “பேரைச் சொல்லியா வேண்டிக்கிட்டே?” “பின்ன? எண்ணைச் சொன்னேன், கடவுளுக்குக் கணக்கு தெரியாதா?” பிரிஸில்லாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒரு மணி ஆயிற்று. கதவு திறக்கவில்லை. ஒன்றேகால். கமிட்டிக்கு இன்னும் இரண்டு மணி நேரம்கூட இல்லை.

கதவு திறந்தது. “ரெண்டு பேரும் உள்ள வாங்கோ.”

திரையில் எட்டுப் படங்கள் வரிசையாக நின்றன. எது எத்தனை நிமிஷம் என்று தெரியாமல், பச்சை எங்கே நிற்கிறது என்பதை மட்டும் பார்த்து நீரஜா அடுக்கியிருந்தார். “வெளில ரொம்ப இருக்கறதை முதல்ல வெச்சேன், உள்ள ரொம்ப இருக்கறதைக் கடைசில. சாய்நாத், சீட்டைப் படி.”

சாய்நாத் பையிலிருந்து சீட்டை எடுத்தான். “முதல் படம்... சைபர் நிமிஷம்.” அடுத்தது, “அஞ்சு.” அவன் குரல் ஏறிக்கொண்டே போனது. “பத்து! பதினஞ்சு! இருபது! முப்பது!” கடைசி இரண்டை மட்டும் நீரஜா மாற்றி வைத்திருந்தார், ஐம்பது முன்னால், நாற்பது பின்னால். அந்த இரண்டிலும் பச்சை முழுக்க உள்ளே போயிருந்தது, யார் பார்த்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

பிரிஸில்லாவால் பதினைந்தாம் நிமிஷத்துப் படத்தைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. பாதிப் பச்சை வெளியே, பாதி உள்ளே. இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில். உட்கருவின் ஓரத்தில் பச்சை நெரிசலாக நின்றது, சைதாப்பேட்டை ஸ்டேஷனில் ரயில் வந்ததும் கதவில் நிற்கிற கூட்டம் மாதிரி. உலகத்தில் இதை இதுவரை யாரும் பார்த்ததில்லை. இந்த மூன்று பேர்தான் முதல். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, சாய்நாத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

நீரஜா குதிக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றினார். “நான் எடுத்த படமெல்லாம் டீ குடிச்சுட்டு வந்து எடுத்த படம்” என்றார். “ஒண்ணுகூடப் பொய் இல்லை. ஆனா அம்பது நிமிஷம் லேட்.” பிறகு மறுபடி மாட்டிக்கொண்டு, “அது வெளில நின்னுண்டு என்னடி பண்றது?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் பதினான்கு வருஷம் போன வருத்தம் இல்லை, அடுத்ததைத் தெரிந்துகொள்கிற அவசரம்தான் இருந்தது.

மூன்று மணிக்குக் கமிட்டி கூடியது. பிரிஸில்லா எழுந்து முன்னால் போனாள். வாயைத் திறப்பதற்குள் நீரஜாவும் எழுந்துவிட்டார்.

“இவ பேசறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லியாகணும். இந்த ரிசல்ட் நடுவுல நின்னு போச்சு. முந்தாநாள் என் ரூமுக்குக் கூப்பிட்டு, படத்துல கை வெச்சியான்னு இவளைக் கேட்டேன். அதை இங்க சொல்ல வேண்டிய அவசியமில்லை, யாருக்கும் தெரியாது. ஆனா இவளுக்குத் தெரியும். படமெல்லாம் சத்தியம். தப்பு என் செய்முறையில, என் கையெழுத்துல, பதினாலு வருஷமா இருந்திருக்கு. இவதான் கண்டுபிடிச்சா. மன்னிச்சுக்கோ, பிரிஸில்லா.”

பிரிஸில்லா தயார் பண்ணி வைத்திருந்த முதல் வாக்கியம் எங்கேயோ ஓடிவிட்டது. தண்ணீர் குடித்தாள். முதல் படத்தைப் போட்டாள். “இது சைபர் நிமிஷம்” என்று ஆரம்பித்ததும் வார்த்தைகள் தாமாக வந்தன.

நாலாவது படம் வந்தபோது கமிட்டியில் ஒருவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். இன்னொருவர் நடுவிலேயே கேள்வி கேட்டார், மூன்றாமவர் அவரை அடக்கிவிட்டுத் தான் கேட்டார். பிரிஸில்லா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள், தெரியாததற்குத் தெரியாது என்றாள், அதைச் சொல்லும்போதுகூடச் சந்தோஷமாக இருந்தது.

சுவர்க் கடிகாரத்தில் நாலு ஆயிற்று. பழக்கதோஷம், பின்வரிசையில் இருந்த சாய்நாத் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தான்.

“உக்காருடா” என்றார் நீரஜா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “நீ அடுத்த படத்தைப் போடு, பிரிஸில்லா.”